எட்டாங்கட்டையில் பஸ் நுழையுமா?

வெப்சைட்டின் முன்பக்கத்தைச் செய்கிறவர்களை ஊரே பாராட்டும். பின்பக்கத்தில் வேலைகளை வரிசையில் போட்டு ஓட்டுகிற எங்களை, அந்த வரிசை நின்றுபோன அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இதே பிழைப்பில் இருந்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் மலேசியாவில் பகா என்ற சின்னப் பட்டணத்தில் ஒரு பஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான் என்கிற குடியிருப்புகளிலும் இருக்கிறவர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டுபோய், சிரம்பானைத் தாண்டி சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் இறக்குவது எங்கள் தொழில். தினமும் சாயங்காலம் எங்கள் சிஸ்டம் ஒவ்வொரு பயணிக்கும் போனில் 'நாளைக்கு வர்றீங்களா?' என்று கேட்கும். கீழே ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான். வருகிற பதில்களை ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வைக்கும். அதுதான் கியூ. பின்னால் வொர்க்கர் என்ற ஒரு புரோகிராம் உட்கார்ந்து, பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் என்று கூட்டி, விடியற்காலையில் டிரைவரின் போனுக்குப் பாதையை அனுப்பும். ஆள் இல்லாத நிறுத்தத்துக்கு பஸ் போகாது. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

விளக்கு வைத்த நேரம்

ஆரம்பத்தில் அந்தக் கேள்வியை ஏழு மணி வாக்கில் அனுப்பினோம். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்து முடித்திருப்பார்கள் என்று என் கணக்கு. முதல் வாரமே ஒரு விசித்திரம். எல்லாரும் ஆமாம் என்கிறார்கள். ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை ஒழுங்கானவர்களா நம்மிடம் ஏறுகிறார்கள் என்று முதலாளி ஜமால் பாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் பார்த்தால், பஸ் பல நிறுத்தங்களில் ஆளில்லாமல் நின்று ஹார்ன் அடித்துவிட்டு வருகிறது.

இல்லை என்ற பொத்தான்தான் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, காலை முழுக்க அதைப் பிடித்து உலுக்கினேன். என் போனில் அழுத்தினேன், பாயின் போனில் அழுத்தினேன், கீழே கோப்பிக் கடைக்காரரின் போனை இரவல் வாங்கி அழுத்தினேன். எல்லாவற்றிலும் அருமையாக வேலை செய்தது. உட்கார முடியாமல் ஆபிஸுக்குள்ளேயே நடந்தேன். கடைசியில், காய்ச்சலில் படுத்துக்கொண்டே ஆமாம் போட்டிருந்த ஓர் அக்காவை போனில் கூப்பிட்டு, வரமாட்டோம் என்று தெரிந்தும் ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைத்தான் விவரம் தெரியாதவளாகப் பார்த்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. "நீங்க கேக்குறது வெளக்கு வெக்கிற நேரம்லா. சாமிக்கு வெளக்கேத்திட்டு, அந்தக் கையாலேயே இல்லன்னு அமுக்கச் சொல்றீங்களா?"

நாடகம் முடியட்டும்

சரி என்று கேள்வியை எட்டரை மணிக்குத் தள்ளி வைத்தேன். விளக்கும் சாமியும் போய், இப்போது டிவி வந்தது. எட்டரைக்கு நாடகம். கேள்வி போனதும் ஒருவர்கூட பதில் சொல்வதில்லை. கியூ காலியாக இருக்கும். நான் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். விளம்பரம் போட்டார்கள் என்றால் போதும், மணல் லோரி கவிழ்ந்த மாதிரி எல்லாப் பதிலும் ஒரே நேரத்தில் வந்து கொட்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு வொர்க்கர். அது பாவம், மூச்சுத் திணறும். வாசலிலேயே நெரிசலாகி, போனில் பச்சை டிக் வரத் தாமதமாகும். டிக் வரவில்லையே என்று ஜனங்கள் மறுபடி அழுத்துவார்கள், மறுபடியும் அழுத்துவார்கள். கியூ இன்னும் நீளும்.

இன்னொரு வொர்க்கர் போட வேண்டும், அதற்கு மாதாமாதம் கொஞ்சம் செலவாகும் என்று ஜமால் பாயிடம் போய் நின்றேன். பாய் நல்ல மனிதர்தான். ஆனால் எந்தச் செலவையும் ஒருமுறை சுற்றி வந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் வரைந்து காட்டிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடகம், விளம்பரம், பதில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். "அந்த டிவி ஸ்டேஷன்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

கடைசி நிறுத்தம்

இங்கே பரமேஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெயின் ரோட்டை எட்டாவது மைல்கல்லில் விட்டுச் செம்பனைக் காட்டுக்குள் திரும்பி, குண்டும் குழியுமான செம்மண் பாதையில் போனால் எட்டாங்கட்டைத் தோட்டம் வரும். ஒரு காலத்தில் அங்கே பஸ்ஸின் பாதி நிறையும் என்பார்கள். இப்போது ஏறுவது பரமேஸ் ஒருத்திதான். புருஷன் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறான், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். பள்ளிக்குப் போகிற ஒரு மகள். பரமேஸ் கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு வருஷமாக கான்டிராக்டில் இருந்தாள். அந்த மாத முடிவுவரை ஒருநாளும் லீவு போடாமல், லேட் ஆகாமல் வந்தால் நிரந்தரமாக்குகிறோம், இல்லையென்றால் கான்டிராக்ட் முடிந்ததும் பார்க்கலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஜமால் பாய்க்கோ அந்த நிறுத்தம் கண்ணில் விழுந்த தூசி. ஒரு ஆளுக்காக அத்தனை தூரம் உள்ளே போய் வருவதா, டயர் என்ன ஆகிறது, டீசல் என்ன ஆகிறது என்று ஆரம்பித்துவிடுவார். ஒரே ஒரு நாள் பஸ் அங்கே காலியாகப் போய்த் திரும்பினாலும் சரி, அத்தோடு நிறுத்தத்தை வெட்டிவிடுவேன் என்றார். ஆக, பஸ் போகாவிட்டால் அவள் வேலை போகும். சும்மா போனால் நிறுத்தம் போகும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது நான் எழுதிய கியூ. போனைப் பதிவு செய்ய ஆபிஸுக்கு வந்த அன்று, பரமேஸிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "பஸ் வந்துட்டா போதும்க்கா. மத்தத நான் பாத்துக்குவேன்."

மரியாதைக்கார மாமா

அன்றிலிருந்து விடியற்காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து, எட்டாங்கட்டை என்ற வரியில் ஒன்று என்ற எண் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் பார்த்தால் அந்த வரியில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. கியூ நடுவழியில் நின்றிருந்தது. வொர்க்கர் ஒரே ஒரு பதிலை எடுப்பதும், புரியாமல் கீழே போடுவதும், மறுபடி அதையே எடுப்பதுமாக இருந்தது. ஒரு வேலை தோற்றால் திரும்ப முயற்சி செய் என்று அதற்குச் சொல்லி வைத்தவள் நான்தான். எத்தனை தரம் என்று சொல்ல மறந்திருந்தேன். பின்னால் பரமேஸின் ஆமாம் உட்பட அத்தனை பேரின் பதிலும் காத்துக் கிடந்தது. டிரைவர் இன்ஜினைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பதிலை மட்டும் தூக்கி ஓரமாக வைத்தேன். வரிசை மடமடவென்று நகர்ந்தது, எட்டாங்கட்டையில் ஒன்று விழுந்தது, எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அது என்ன என்று திறந்து பார்த்தேன். பொத்தானே இல்லை, வாய்ஸ் மெசேஜ். தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்யும் செல்லையா மாமா அனுப்பியது. வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, மழை பெய்ததைச் சொல்லி, கடைசியில் ஆண்டவன் புண்ணியத்தில் நாளைக்கு வருகிறேன் என்கிறார். எங்கள் கேள்விக்கு ஒரு பெண்ணின் குரலும் வைத்திருந்தோம், அதனால் வந்த வினை. மாமாவைக் கூப்பிட்டு, இனிமேல் பொத்தானை மட்டும் அழுத்துங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஒரு பொம்பளப் புள்ள மரியாதையா வர்றீங்களான்னு கேக்குது. மொகத்துல அடிச்ச மாரி பொத்தான அமுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

கோலாப்பிலா வரைக்கும்

செல்லையா மாமாவைச் சமாளித்த கையோடு, வொர்க்கர் நடுவில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. டிரைவருக்குப் பாதையை அனுப்பிவிடும். அனுப்பிவிட்டேன் என்று குறித்து வைப்பதற்குள் படுத்துவிடும். எழுந்ததும், குறிப்பு எதுவும் இல்லையே, அனுப்பவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பும். மறுபடி படுக்கும். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்குப் புதிது.

முனியாண்டி அண்ணன் எங்கள் கம்பெனியின் மூத்த டிரைவர். கோபமே வராது. அன்று வழியெல்லாம் அவர் போன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பயணிகள் எல்லாரும் தூக்கம் கலைந்து, யாரோ செத்துவிட்டார்களோ என்று அவர் முகத்தையே பார்த்திருக்கிறார்கள். வழியில் கோலாப்பிலா ஊருக்குள் பஸ்ஸை ஓரங்கட்டி என்னைக் கூப்பிட்டார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கும் முன் அவரே நிதானமாகச் சொன்னார். "தங்கச்சி, எட்டாங்கட்டைக்குள்ள போ போன்னு பத்து வாட்டி சொல்லிருச்சு. நான் மொத வாட்டியே போயிட்டேன்லா."

கடல் எந்தப் பக்கம்

அந்த வாரமே ஒரு தீர்வு எழுதினேன். ஒரே விஷயம் ஒரே நாளில் இரண்டாம் தரம் வந்தால், அதைத் தொடாதே, தூக்கிப் போடு என்று வொர்க்கருக்குச் சொல்லி வைத்தேன். டிரைவருக்கு ஒரு பாதை ஒரு முறைதான் போகும். விளம்பர நேரத்தில் யாராவது ஆமாமை ஐந்து தரம் அழுத்தினாலும் ஒன்றுதான் கணக்கு. அழகாக வேலை செய்தது. செல்லையா மாமாவின் வாய்ஸ் மெசேஜ்களைக்கூட தனியாக ஒரு வரிசையில் போட்டு, நானே கேட்டுப் பதில் எழுதினேன். அவர் நலம் விசாரிப்பதற்கும் சேர்த்துத்தான்.

அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சேகர் போர்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிறு எங்கள் பஸ் ஓடாது. கேள்வியும் ராத்திரிதான் போகும். பார்க்க ஒன்றுமே இல்லை. நான் மணலில் உட்கார்ந்து அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையை இழுத்து விடுவேன், புதுப்பித்துப் பார்ப்பேன், போனைப் பைக்குள் போடுவேன், எடுப்பேன். பக்கத்தில் விரிப்பில் உட்கார்ந்திருந்த சேகர் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தாரோ தெரியாது. "கவி, கடலு உனக்குப் பின்னாடி இருக்கு."

மூன்றாவது பதில்

மாதக் கடைசி வந்தது. பரமேஸ் அதுவரை ஒருநாளும் தவறவில்லை. அன்று எட்டரைக்குக் கேள்வி போனதும் அவள் ஆமாம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மகளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்திருக்கிறது. விட்டுவிட்டுப் போக முடியாது என்று இல்லை போட்டாள். வேலையே போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துதான் அதை அழுத்தியிருக்கிறாள். படுக்கப் போகும் நேரத்தில் பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றிருக்கிறார். பரமேஸ் மறுபடி ஆமாம் போட்டாள். பச்சை டிக் வந்தது. பச்சை டிக் என்றால் பதில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். அது நமக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்?

விடியற்காலையில் நான் பார்த்தபோது எட்டாங்கட்டையில் பூஜ்யம். கியூ நிற்கவில்லை, வொர்க்கர் படுக்கவில்லை, எல்லாம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன், இல்லை என்று அவளே சொல்லியிருந்தாள். இத்தனை நாள் காப்பாற்றிவிட்டு இன்றைக்குப் போய் லீவு போடுகிறாளே என்று அவள்மேல்தான் வருத்தம் வந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தேன், அணைத்தேன், மறுபடி வைத்தேன். அப்போதுதான் ஆபிஸ் எண்ணுக்கு வந்த ஓர் அழைப்பு என் போனுக்குத் திருப்பிவிடப்பட்டு வந்தது. பரமேஸின் குரல். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. "அக்கா, பஸ்ஸு லைட்டு மெயின் ரோட்டுல நேரா போறது இங்கேருந்து தெரியுது."

இனிய ஓய்வு

கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். முனியாண்டி அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். பஸ் நிறைய ஆள், திரும்பினால் எல்லாருக்கும் லேட் ஆகிவிடும், என்ன செய்யட்டும், நீயே சொல்லு என்றார். போகச் சொன்னேன். செம்மண் பாதையில் கார் அடி வாங்கிக்கொண்டே போனது. தோட்டத்து முனையில் பரமேஸ் பையை மார்போடு அணைத்து நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். கோலாப்பிலா தாண்டும்வரை நான்தான் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். எங்கே கோளாறு என்று அவள் வாயிலிருந்து மூன்று பதில்களையும் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. இரண்டாவது ஆமாமை, முதல் ஆமாமின் நகல் என்று நினைத்து வொர்க்கர் தூக்கிப் போட்டிருக்கிறது. நடுவில் ஓர் இல்லை வந்து போனதை அது பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லி நானும் எழுதவில்லை.

புக்கிட் புத்துஸ் மலைச்சாலையில் ஏறும்போது அவள் போன் ஒலித்தது. வீட்டிலிருந்தோ என்று பதறி எடுத்தாள். இல்லை, எங்கள் சிஸ்டம். வரவில்லை என்று சொன்னவர்களுக்குக் காலையில் போகிற செய்தி, நானே ஆசையாக எழுதியது: இன்று உங்களுக்கு ஓய்வு நாள், நன்றாக ஓய்வெடுங்கள், இனிய நாள். அவள் அதைப் படித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தாள். எனக்கு ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். கொஞ்ச தூரம் போனபின், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்க்கா, டிக்கும் வந்துச்சு. அதுக்கு மேல நான் என்னதான் செய்யணும்?"

கேட்டுக்கு வெளியே

சிரம்பானைத் தாண்டும்வரை பஸ்ஸின் பின்பக்கத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் சிவப்பு. ஒவ்வொன்றிலும் நான் விரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தேன், அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை முன்னால் திரும்பியபோது எங்கள் பஸ் அங்கே நின்றிருந்தது. கடைசி ஆட்கள் வருகை அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நிற்கும் ஜாகா கேட்டை இழுத்து மூட ஆரம்பித்திருந்தார். கார் நிற்பதற்குள் பரமேஸ் கதவைத் திறந்தாள். ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழ, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அட்டை தேய்க்கும் சத்தம் எனக்குக் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. சைரன் அதற்குப் பிறகுதான் ஒலித்தது. அது நிச்சயம்.

முனியாண்டி அண்ணன் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த கோப்பி பொட்டலத்தில் உறிஞ்சு குழாய்கூடப் போடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முன்னெல்லாம் அந்த முக்குல நின்னு ஒருவாட்டி லைட்டு அடிச்சிப் பாத்துட்டுத்தான் போவேன் தங்கச்சி. இப்பதான் போன்ல வருதேன்னு விட்டுட்டேன்."

பாயின் தீர்ப்பு

பகாவுக்குத் திரும்பியதும் ஜமால் பாயிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். நிறுத்தத்தை வெட்ட இதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைக்காது என்று எனக்குப் பயம். அதனால் வேகவேகமாக, இனிமேல் கடைசியாக வந்த பதில் எதுவோ அதுதான் கணக்கு என்று மாற்றப் போகிறேன், ஒரே ஆள் ஏறுகிற நிறுத்தத்தில் இல்லை என்று வந்தால் முனியாண்டி அண்ணன் போன் போட்டு ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும், ஓய்வு நாள் வாழ்த்தை அடியோடு தூக்கப் போகிறேன் என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

வரிசை எப்படி, வொர்க்கர் எப்படி என்று எதையும் அவர் கேட்கவில்லை. இந்த மாதத்தில் பஸ் அங்கே எத்தனை நாள் காலியாகப் போனது என்று மட்டும் கேட்டார். ஒருநாளும் இல்லை என்றேன். மேசையிலிருந்த தேநீரை ஒரு மிடறு குடித்தார். டயரைப் பற்றியும் டீசலைப் பற்றியும் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். "காலியா போனா வெட்டுவேன்னேன். ஆள விட்டுட்டுப் போனா யார வெட்டுறதும்மா? போய் ஒன் வேலையப் பாரு."

நிரந்தரம்

அடுத்த மாதம் பரமேஸ் ஒரு டப்பா நிறைய கேசரியோடு ஆபிஸுக்கு வந்தாள். நிரந்தரமாக்கிவிட்டார்கள். பாய்க்கு, முனியாண்டி அண்ணனுக்கு, கீழே கோப்பிக் கடைக்காரருக்கு எல்லாம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். இப்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். மூன்று தரம் மாற்றிப் போட்டாலும் கடைசிப் பதில்தான் நிற்கும் என்று அவள் பெயரிலேயே செய்து காட்டினேன்.

அவள் குனிந்து, பொறுமையாகப் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினாள். இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் இல்லையா என்று கேட்டேன். கேட்டது அவளையா என்னையா என்று எனக்கே தெரியவில்லை. "தூங்குறேன்க்கா. எதுக்கும் ராத்திரி ரெண்டு வாட்டி அமுக்கிட்டு, காலையில டிரைவர் அண்ணனுக்கு ஒரு போனும் போட்டுர்றேன்."

ஆக, எங்கள் கம்பெனியில் அந்த சிஸ்டத்தை இன்றுவரை முழுசாக நம்பாதவர்கள் இரண்டே பேர்தான்: அதை நம்பி தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறவள் ஒருத்தி, அதை எழுதியவள் இன்னொருத்தி.